தச்சரின் மகனும் கட்டடப் பொறியாளரும்



மே மாதத்தின் முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். அத்திருநாள் வரும் கோடைக் காலத்திலேதான் நம் பொறியியல் கல்லூரிகளும் இறுதியாண்டு மாணவரை உலகிற்குள் அனுப்புகின்றன. சிவில் எஞ்சினியரிங் எனப்படும் கட்டடப் பொறியியல் பயின்ற பிள்ளைகள், நேர்முகத் தேர்வுக்குப் புறப்படுமுன் கோயிலுக்கு வந்து மெழுகுதிரி ஏற்றுகின்றனர். பங்குக் குருவாகிய நம்மிடம் ஆசீர் கேட்கின்றனர். சிலர் சிபாரிசுக் கடிதமும் கேட்கின்றனர். ஆசீர் அளிக்க நமக்குத் தடையில்லை. ஆயினும், கடிதத்தைக் காட்டிலும் பயன் தருவது தக்க ஆயத்தமே. கோயிலும் பள்ளியும் கட்டும் பணிகளை மேற்பார்க்கும் கடமை குருக்களுக்கு அடிக்கடி வாய்ப்பதால், பொறியாளரோடும் கொத்தனாரோடும் நமக்குப் பழக்கமுண்டு. அப்பழக்கத்தில் கற்றவற்றை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறோம்.

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளையைப் பொறியியல் படிக்க வைப்பது எளிய காரியமன்று. தாயின் நகை அடகுக் கடையில் இருக்கும். வங்கிக் கடனின் தவணை வாசலில் காத்திருக்கும். தம்பியின் படிப்பும் தங்கையின் திருமணமும் மூத்த பிள்ளையின் சம்பளத்தை எதிர்நோக்கி நிற்கும். இத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு ஒரு மேசையின் முன் அரைமணி நேரம் அமர வேண்டியிருப்பதால், பிள்ளைகள் அஞ்சுகின்றனர். அஞ்சியதால் கேள்வி-விடைப் புத்தகங்களை மனப்பாடம் செய்கின்றனர். ஞானோபதேசத்தை ஒரு மூச்சில் ஒப்பித்த குழந்தை, அதன் பொருளைக் கேட்டவுடன் விழிப்பதில்லையா? அதுபோல இவர்களும் இரண்டாம் கேள்வியில் விழிக்கின்றனர். தேர்வாளர் முதலில் எண்ணைக் கேட்பார். அடுத்துக் காரணத்தைக் கேட்பார். இவ்வுண்மையை அறிந்தவர்க்கு ஆயத்தம் பாதி முடிந்தது என்க.

சில கேள்விகளை எடுத்துக்கொள்வோம். "12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு எடை?" என்பது மிகச் சாதாரணமான கேள்வி. விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுக்க வேண்டும் என்று பிள்ளை அறிவார். 144-ஐ 162-ஆல் வகுத்து, 0.89 கிலோ என்பார். "அந்த 162 எங்கிருந்து வந்தது?" என்பது இரண்டாம் கேள்வி. ஒரு கன மீட்டர் எஃகின் எடை 7,850 கிலோ. கம்பியின் குறுக்குப் பரப்பை அதனோடு பெருக்கிச் சுருக்கினால் 162 தானே வந்து நிற்கும். ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தவர் இதை ஆயுளுக்கும் மறவார்.

"ஒரு கன மீட்டர் சுவருக்கு எத்தனை செங்கல்?" என்றால், 500 என்பது புத்தக விடை. 19 சென்டிமீட்டர் நீளமும் 9 அகலமும் 9 உயரமும் உள்ள கல்லுக்குச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கலவையைச் சேர்த்தால் 20, 10, 10 என்றாகும். அக்கணக்கில்தான் 500 வருகிறது. நம்மூர்ச் சூளைக் கல் அந்த அளவில் இராது. ஆகவே எண்ணிக்கையும் மாறும். "கல்லை அளந்து பார்த்துச் சொல்வேன், ஐயா" என்று கூறும் பிள்ளையைத் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

"எம் 20 காங்கிரீட் என்றால் என்ன?" என்பது தவறாது வரும் கேள்வி. 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டியை வார்த்து, 28 நாட்கள் தண்ணீரில் வைத்து, பின்னர் எந்திரத்தில் நசுக்கிப் பார்க்கும்போது, சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். இதைச் சொல்லிவிட்டு, "அப்படியாயின் அக்கட்டி முழுவதும் எவ்வளவு சுமை தாங்கும்?" என்று கேட்டால், 45 டன் என்று கணக்கிட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். கைக்கடக்கமான ஒரு கட்டி, பாரம் ஏற்றிய பெரிய லாரி ஒன்றின் எடையைத் தாங்குவதை எண்ணிப் பார்த்தவனுக்கு, அதில் ஒரு பங்கு சிமெண்ட் குறைந்தால் யாருடைய தலைக்கு ஆபத்து என்பதும் விளங்கும்.

சிமெண்ட் இறுகத் தொடங்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையலாகாது என்பதையும், முழுதும் இறுகும் நேரம் 600 நிமிடத்தைத் தாண்டலாகாது என்பதையும் கேட்பர். வார்த்த காங்கிரீட்டை எத்தனை நாள் ஈரமாகக் காக்க வேண்டும் என்றும் கேட்பர். 2000-ஆம் ஆண்டு வெளியான ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநூல், சாதாரணச் சிமெண்டுக்கு 7 நாட்களுக்கும் கலப்புச் சிமெண்டுக்கு 10 நாட்களுக்கும் குறையக் கூடாது என்று வகுத்தது. கம்பிக்கு மேல் காங்கிரீட் மூடியிருக்க வேண்டிய கனம், தளத்தில் 20 மில்லிமீட்டர், தூணில் 40, மண்ணைத் தொடும் அடித்தளத்தில் 50. ஏன் இப்படி வேறுபடுகிறது? ஈரமும் காற்றும் எட்டினால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து காங்கிரீட்டை வெடிக்கச் செய்யும். மண்ணிலோ ஈரம் மிகுதி. காரணம் அறிந்தவர்க்கு எண் மறந்தாலும் மீண்டும் நினைவுக்கு வரும்.

காரணங்களை எங்கே கற்பது? இங்கேதான் நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். நம் பங்குகளில் கட்டடப் பொறியியல் பயிலும் பிள்ளைகள் பலர் கொத்தனார், மேஸ்திரி, கம்பி கட்டுவோர், சித்தாள் ஆகியோரின் பிள்ளைகளே. தந்தை காரை படிந்த கைகளால் உழைத்துப் படிக்க வைக்கிறார். பிள்ளையோ, "தந்தைக்கு என்ன தொழில்?" என்று கேட்டால் "கட்டட ஒப்பந்தம்" என்று மழுப்புகிறார். நாசரேத்து ஊரார் நம் ஆண்டவரை இகழ எண்ணித்தான் தச்சரின் மகன் என்றனர். ஆண்டவரோ அதை மறுக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. உலகைப் படைத்தவர் சூசையப்பரின் பட்டறையில் உளி பிடிக்கக் கற்றார் என்றால், பட்டதாரி ஒருவர் தம் தந்தையிடம் கரணை பிடிக்கக் கற்பதில் என்ன தாழ்வு?

நேர்முகத் தேர்வுக்கு முந்திய மாதத்தில் ஒரு வாரமேனும் தந்தையோடு வேலைக்குச் செல்லுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறோம். செங்கல்லை ஏன் நனைத்துக் கட்டுகிறார் என்று கேளுங்கள். காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு இராது என்பார். அதையே கல்லூரிப் புத்தகம் நீர் உறிஞ்சும் தன்மை என்கிறது. இரண்டு கல்லை மோதி ஓசை கேட்பதும், மணலைப் பிடித்துப் பார்த்து உள்ளங்கையில் ஒட்டும் வண்டலைக் காண்பதும் தேர்வாளர் கேட்கும் களச் சோதனைகளே. மூலை மட்டம் பிடிக்க அவர் 3 அடி, 4 அடி, 5 அடி என்று நூல் இழுப்பதைக் காணுங்கள். நீங்கள் பள்ளியில் படித்த பித்தாகோரஸ் தேற்றம் அந்த நூலில் இருக்கிறது. ஈர மணல் உப்பித் தோன்றுவதையும், அதனால் பெட்டியால் அளக்கும்போது மணல் குறைந்துபோவதையும் அவர் அனுபவத்தால் அறிவார். நீங்கள் கணக்கால் அறிவீர்கள். இரண்டறிவும் ஓரிடத்தில் சேர்ந்தால் அதுவே பொறியியல். "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்று தேர்வாளர் தொடங்கும்போது, "என் தந்தை கொத்தனார், அவரோடு களத்தில் வேலை செய்திருக்கிறேன்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அதைவிட நல்ல அறிமுகம் நாமறிந்தவரை இல்லை. மகள்களுக்கும் இதுவே நம் சொல். தலையில் கலவைச் சட்டி சுமந்த தாயின் மகள், கையில் வரைபடத்தோடு அதே களத்தில் நிற்பது எத்துணைப் பெருமை!

இனி, எண்ணால் விடை கூற முடியாத கேள்விகள் சில உண்டு. "தளம் போட்டு ஐந்து நாள் ஆயிற்று. முட்டுகளை எடுத்துவிடச் சொல்லி உரிமையாளர் வற்புறுத்துகிறார். என்ன செய்வீர்?" என்பர். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாட்கள், அதற்கு மேற்பட்டால் 14 நாட்கள் முட்டு நிற்க வேண்டும் என்பது மேற்கூறிய தரநூலின் விதி. "கலவை கெட்டியாக இருக்கிறது என்று மேஸ்திரி தண்ணீர் ஊற்றப் போகிறார். என்ன சொல்வீர்?" என்பர். அளவுக்கு மிஞ்சிய நீர் ஆவியாகிப் போகுமிடத்தில் நுண்துளைகள் தங்கும், வலிமை குன்றும். இதை அறிந்திருந்தால் மட்டும் போதாது. தம்மினும் மூத்த ஒருவரிடம் மரியாதை குறையாமலும், உரிமையாளரிடம் அச்சமில்லாமலும் மறுத்துச் சொல்லும் நெஞ்சுரம் வேண்டும். தேர்வாளர் உண்மையில் அறிய விரும்புவது அதைத்தான்.

அது வெறும் பேச்சன்று. 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கே கூலி வேலை செய்த ஏழைகள். மணல்மேல் வீடு கட்டிய மதியற்றவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையில் வீழ்ந்தது ஒரு வீடு. நம் நாளில் வீழ்வதோ பிறர் குடும்பங்கள். ஒரு பொறியாளரின் கையொப்பத்தின் கீழே எத்தனை உயிர்கள் உறங்குகின்றன என்பதைப் பெற்றோர் தம் பிள்ளைக்கு இப்போதே உணர்த்துவாராக.

ஆகவே, விடை தெரியாத கேள்வி வரும்போது பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகிறது. "தெரியவில்லை, ஐயா, இன்னின்ன வகையில் கண்டறிந்து சொல்வேன்" என்று உண்மையைச் சொல்ல வேண்டும். புனைந்து விடை கூறும் பழக்கம் மேசையின் முன் தொடங்கினால், சோதனை அறிக்கையிலும் அளவுப் புத்தகத்திலும் வந்து முடியும். தெரியாததைத் தெரியாதென்றவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்பதை அனுபவமுள்ள தேர்வாளர் அறிவார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தேர்வு நெருங்கும் நாட்களில் கடனையும் தவணையையும் நினைவூட்டிப் பிள்ளையை நோகச் செய்யாதீர்கள். இரவு செபமாலை முடிந்தபின் கால்மணி நேரம் உட்கார்ந்து, "இன்று என்ன படித்தாய்? எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். எழுத்தறியாத தாய்க்குப் புரியும்படி காங்கிரீட்டை விளக்கத் தெரிந்தவர் எந்தத் தேர்வாளருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. இறுதியாண்டில் தானே செய்த திட்டப் பணியைப் பற்றித் தடுமாறாமல் பேசச் சொல்லுங்கள். அதைக் குறித்துக் கட்டாயம் கேட்பார்கள். ஒருமுறை தவறினால் மறுமுறை உண்டு என்பதையும் அன்போடு சொல்லி வையுங்கள்.

சிபாரிசுக் கடிதம் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு, அவர்தம் நன்னடத்தையைக் குறித்து நாம் அறிந்ததை எழுதித் தர எப்போதும் ஆயத்தமாக இருக்கிறோம். ஆனால் கம்பியின் எடையையும் கட்டியின் வலிமையையும் நம் கடிதம் சொல்லாது. அதைக் களமும் தந்தையின் கைகளும் சொல்லித் தரட்டும். தச்சுப் பட்டறையில் உழைத்துத் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர், நம் இல்லங்களில் ஆயத்தம் செய்யும் ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் துணை நிற்பாராக. அவர்கள் எழுப்பும் கட்டடங்களின் கீழே ஏழை எளியோர் அச்சமின்றி உறங்குவார்களாக!