பந்தக்கால் நட மட்டும் நாங்களா?

திருவிழா வந்தால்தான் பங்குச்சாமியாருக்கு இளைஞர்கள் ஞாபகம் வரும். பந்தக்கால் நட, சப்பரம் சோடிக்க, தூக்க, பந்தி பரிமாற, மறுநாள் எச்சிலை அள்ள. 'இளைஞர்களே திருச்சபையின் நம்பிக்கை' என்று பிரசங்கத்தில் ஒரு வரி. கணக்குப் பார்க்கும் கூட்டத்துக்கு மட்டும் அந்த நம்பிக்கைக்கு அழைப்பு கிடையாது. கேட்டால், "நீ இன்னும் தலைக்கட்டு ஆகலையேப்பா, கலியாணம் ஆகட்டும்" என்பார்கள்.

தலைக்கட்டு என்பது ஊர் வரி போட வைத்த கணக்கு. கலியாணமான ஆம்பளை ஒரு தலை. அந்தக் கணக்கைக் கோயிலும் அப்படியே எடுத்துக்கொண்டது. தர்மபுரி மாவட்டத்துச் சேரிப் பிள்ளைகள் ஓசூர் கம்பெனிக்கும் திருப்பூர் பனியன் வேலைக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் போய்ச் சம்பாதிக்கிறார்கள். கோயில் வரியில் பாதி அந்தப் பொண்ணு அனுப்பும் காசு. ரசீது அப்பா பேரில். காசு அவளுது, தலை அவருது.

சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மறைமாவட்டம் ஆனது 1997இல். அந்த வருஷம் ஞானஸ்நானம் வாங்கிய குழந்தை இன்று முப்பதை நெருங்குகிறது. கலியாணம் ஆகவில்லை என்றால் இன்னும் 'பசங்க'தான்.

கலியாணம் ஆகாதவனுக்குப் பொறுப்பு வராதாம். சொல்வது யார்? கலியாணமே செய்யாத சாமியார்! ஏசு ஏறக்குறைய முப்பது வயதில் ஊழியம் தொடங்கினார் என்கிறது லூக்கா சுவிசேஷம். அவருக்குக் கலியாணம் ஆனதாக எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. பவுலும் தனியாள்தான். இவர்கள் நம்ம சேரியில் பிறந்திருந்தால் பந்தக்கால்தான் நட்டிருப்பார்கள்.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்லுது? 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 97, 98ஆம் விதிகளைப் பாருங்கள். 18 வயது முடிந்தவர் வயதுவந்தவர். உரிமைகளை முழுசாகப் பயன்படுத்தலாம். கலியாணம் என்ற பேச்சே அங்கே இல்லை. 536ஆம் விதிப்படி பங்குப் பேரவை ஆலோசனை சொல்லத்தான் முடியும். ஆனால் 537ஆம் விதிப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும். உங்கள் பங்கில் இருக்கிறதா? அதில் சேரிப் பொண்ணு ஒருத்தியாவது உண்டா?

"பொண்ணும் பையனும் ஒண்ணா உக்காந்தா காதல் வரும், கலவரம் வரும்" என்பது அடுத்த சாக்கு. எங்கள் மாவட்டத்தில் இந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு: 2012 நவம்பர் 7. ஒரு தலித் இளைஞனும் வன்னியர் பெண்ணும் தாங்களாகவே கலியாணம் செய்துகொண்டதற்காக நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் காலனிகளைக் கொளுத்தினார்கள். கொளுத்தியது சாதிவெறி. ஆனால் கண்காணிப்பு மட்டும் நம்ம பிள்ளைகள்மேல். அதே கண்காணிப்பைக் கோயிலுக்குள்ளும் கொண்டுவந்து பாட்டுக்குழுவைக் கலைப்பது சாதிக்குச் செய்யும் ஊழியம், கடவுளுக்கு அல்ல.

கோயிலுக்குள் சாதி இல்லையா? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதற்கு வீடு புகுந்து அடித்தார்கள்; துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. ஒப்புக்கொண்டார்கள், சரி. நாற்காலி எங்கே?

நம்ம பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்க்காரன் உங்களைத் தலையாக எண்ணவில்லை என்று வாழ்நாளெல்லாம் கொதித்தீர்கள். அதே தலைக்கட்டுக் கோலை எடுத்து உங்கள் மகளை அளப்பது என்ன நியாயம்?

நாம் கேட்பது மூன்றுதான். 18 முடிந்த ஒவ்வொருவருக்கும், கலியாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், சொந்தப் பேரில் பேரவை ஓட்டு. நிதிக்குழுவில் கலியாணமாகாத சேரி இளைஞருக்கும் பெண்ணுக்கும் இடம். வெளியூர் போனவர்கள் வீடு திரும்பும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாளில் சேரியிலேயே வரவு செலவு வாசிப்பு.

எழுதிக் கொடுங்கள். பதில் எழுத்தில் வாங்குங்கள். பதில் வராத வருஷம் பந்தக்காலைத் தலைக்கட்டுகளே நட்டுக்கொள்ளட்டும்.