வண்டியும் நீங்களும்: புதுக் கார்புரேட்டர் வாங்குமுன் ஒரு நிமிடம்!



கேமரன் மலையிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். தகப்பனார் விட்டுச்சென்ற பழைய லேண்ட்ரோவர் பிக்கப் ஒன்று அவரிடம் இருக்கிறது. சீரீஸ் 3 வகை, 2286 சி.சி. பெட்ரோல் இஞ்சின். விடிவதற்கு முன் தோட்டத்தில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, மொத்த வியாபாரியின் லோரி புறப்படுமுன் மேலே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். லோரியைத் தவறவிட்டால் அன்றைய வருமானமும் போயிற்று.

அந்த வண்டி இப்போது மேட்டில் திணறுகிறதாம். கீழே பட்டணத்துப் பட்டறையில் புதுக் கார்புரேட்டர் மாட்டினார்கள். அங்கே நன்றாகத்தான் ஓடியது. மலை ஏறியதும் கரும்புகை! “இன்னும் பெரிய கார்புரேட்டர் வாங்கலாமா? மகன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறான். அப்பாவின் வண்டியை விற்க மனம் வரவில்லை” என்று முடித்திருக்கிறார்.

அன்பரே, விற்கவும் வேண்டாம், பெரியது வாங்கவும் வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

நானும் ஒருமுறை இப்படித்தான் ஏமாந்தேன். வண்டி இழுக்கவில்லை என்று, நல்ல வெள்ளியைக் கொட்டி இரட்டை வாய்க் கார்புரேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். நோய் தீரவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி, டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்த சின்னஞ்சிறு கண்டன்சர்! தலைவலிக்குக் காலில் கட்டுப் போட்ட கதைதான்.

ஆகவே, கார்புரேட்டரைத் தொடுமுன் மற்றவற்றைச் சரிபாருங்கள். இந்த இஞ்சினுக்குக் காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். வால்வு இடைவெளி 0.25 மில்லிமீட்டர். பிளக்குகள் நான்கையும் கழற்றித் துடையுங்கள். பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் துருவோ தண்ணீரோ தங்கியிருந்தால் டாங்கியையே கழுவ வேண்டும். ஏர் கிளீனரில் உள்ள எண்ணெயை எத்தனை நாளாக மாற்றவில்லை என்று யோசித்துப் பாருங்கள். இத்தனையும் சரியாக இருந்து, அதன் பிறகும் திணறினால்தான் கார்புரேட்டர் மேல் சந்தேகப்படலாம்.

எதை வாங்குவது?

இந்த வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்து வந்தது செனித் 36 ஐ.வி. வகை. நல்ல சாமான்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் சூடு பட்டு, அதன் மேல்மூடி சற்றுக் கோணிவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் இற்றுவிடும். அப்போது பெட்ரோல் போகக் கூடாத வழியில் போகும். மூடியைத் தட்டையாகத் தேய்த்து, புது வளையமும் கேஸ்கட்டும் போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். செலவும் குறைவு. முதலில் இதை முயன்று பாருங்கள்.

உடம்பே தேய்ந்துவிட்டது, திராட்டில் தண்டு ஆடுகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். பலரும் மாட்டுவது வெபர் 34 ஐ.சி.எச். ஒற்றை வாய்; எளிய அமைப்பு; பெட்ரோலும் சிக்கனம். உச்ச வேகத்தில் சற்று வலு குறையலாம். மூட்டை சுமக்கிற வண்டிக்கு அதனால் நட்டமில்லை. இதன் சின்ன ஐடில் ஜெட்டில் தூசி அடைத்துக்கொள்வது வழக்கம். ஆகவே பெட்ரோல் குழாயில் ஒரு ஃபில்டர் அவசியம் போடுங்கள்.

பெரியது மாட்டினால் வலு கூடாதா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்றில் மேடு ஏறும் 2286 சி.சி. இஞ்சினுக்கு, அதிகம் போனால் 2286 லிட்டர் காற்று போதும். வாய் அகலமானால் அதே காற்று மெதுவாகப் போகும். மெதுவாகப் போகும் காற்று பெட்ரோலைப் பனிபோல் சிதறடிக்காது. சொட்டுச் சொட்டாக உள்ளே விடும். மிதித்ததும் வண்டி தயங்கும்.

மாட்டும்போது கவனம்!

இந்த இஞ்சினில் கார்புரேட்டருக்கு அடியிலேயே புகைப்போக்கி மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டு பெட்ரோல் கசிந்தாலும் ஆபத்து. பழைய ரப்பர் குழாயை மறுபடி மாட்டாதீர்கள். இறுக்கியபின் இஞ்சினை ஓடவிட்டு எல்லா மூட்டுகளையும் பாருங்கள். வாயில் சிகரெட் வேண்டாம். தீயணைப்புக் குப்பி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒருவரை மிதிக்கச் சொல்லி, திராட்டில் முழுவதும் திறக்கிறதா, காலை எடுத்ததும் முழுவதும் மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடித்தட்டு கேஸ்கட் வழியே காற்று நுழைந்தால் எந்தச் சரிசெய்தலும் நிற்காது. ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மூட்டுகளின் ஓரமாக நகர்த்துங்கள். காற்றாடிக்கு அருகே போகாதீர்கள். ‘உஸ்’ என்று கேட்கும் இடம்தான் ஓட்டை.

சரிசெய்வது எப்படி?

இஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். சோக் முழுவதும் திறந்திருக்கட்டும். ஏர் கிளீனர் மாட்டியே இருக்கட்டும். கலவைத் திருகாணியை மெல்ல உள்ளே திருகி, தட்டியதும் நிறுத்துங்கள். அழுத்தினால் முனை கெட்டுவிடும். அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே எடுங்கள். இஞ்சினை ஓட்டி, வேகத் திருகாணியால் நிமிடத்துக்குச் சுமார் 700 சுற்றில் நிறுத்துங்கள்.

இனிக் கலவைத் திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். இஞ்சின் தடுமாறத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் சீராக ஓடும் இடம்வரை வெளியே எடுங்கள். அதுதான் சரியான இடம். வேகம் கூடியிருந்தால் வேகத் திருகாணியால் குறைத்து, மறுபடி ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டரைச் சுற்றுக்கு மேல் எடுத்தால்தான் சீராகிறது என்றால், காற்று நுழைகிறது, அல்லது ஐடில் ஜெட் சிறியது. ஒரு சுற்றுக்குள்ளேயே சீராகிவிட்டால் ஜெட் பெரியது.

மலையின் இரகசியம்

இப்போது அன்பரின் கரும்புகைக்கு வருவோம். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. பெட்ரோலோ அந்த அளவு குறைவதில்லை. ஆகவே கீழே சரியாக இருந்த கலவை, மேலே சுமார் 7 விழுக்காடு செறிவாகிவிடும். கீழேயே சற்றுச் செறிவாக வைத்திருந்தால் மேலே கரும்புகைதான்!

வெபர் ஜெட்டில் பொறித்துள்ள எண், துளையின் அகலத்தை மில்லிமீட்டரின் நூறில் பங்காகச் சொல்வது. 140 என்றால் 1.40 மில்லிமீட்டர். 140-ஐ எடுத்து 135 போட்டால் துளையின் பரப்பு 7 விழுக்காடு குறையும். எண்கள் உங்கள் கார்புரேட்டரில் வேறாக இருக்கலாம், கணக்கு இதுதான். ஊசியால் துளையைக் குடையாதீர்கள், ஜெட்டையே மாற்றுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மலைக்கென்று ஜெட்டைக் குறைத்த வண்டி, சுமையோடு தாப்பாவுக்கு இறங்கிச் சமநிலத்தில் விரைந்தால் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை வால்வைச் சுடும். மலையிலேயே உழைக்கும் வண்டிக்குச் சிறிய ஜெட். அடிக்கடி கீழே போய்வரும் வண்டிக்குச் சமநில ஜெட்டையே விட்டு, ஐடில் கலவையை மட்டும் மேலே சரிசெய்யுங்கள். கொஞ்சம் பெட்ரோல் வீணாவது, இஞ்சின் வீணாவதைவிட மேல்.

பிறகு ஒரு நாள் வேலை முடித்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரிபோல் கறுத்திருந்தால் கலவை செறிவு, வெளுத்திருந்தால் மெலிவு, இளம் பழுப்பாக இருந்தால் உங்கள் கை பேசியிருக்கிறது என்று பொருள்.

கடிதம் எழுதிய அன்பரே, உங்கள் வண்டி கீழே நன்றாக ஓடியது என்கிறீர்கள். அப்படியானால் இஞ்சின் சாகவில்லை. வண்டி உழைக்கும் இடத்தில் சரிசெய்ய வேண்டியதை வேறிடத்தில் சரிசெய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். திருகாணி அவன் கையில் இருக்கட்டும், காது உங்களுடையதாக இருக்கட்டும். வண்டி சீராக ஓடும் அந்த நிமிடத்தில் அவனிடம் கேளுங்கள், பழைய இரும்புக்குப் போடலாமா என்று!

அடுத்த இதழில், மலைச் சரிவில் பிரேக்கைக் காப்பாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.