அப்பாவின் ஓரக்கண்

அப்பா ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் பால்மரம் சீவியவர். ஓய்வு பெற்ற பிறகு கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். கோயிலில் பக்கத்தில் வந்து நின்றவரைக் கவனிக்காமல் போனார். "பெரியவருக்கு இப்ப தலைக்கனம்" என்றுகூடச் சிலர் பேசினார்கள். ஆனால் பேப்பரைத் தெளிவாக வாசித்தார். அதனால் யாரும் கண்ணைச் சந்தேகிக்கவில்லை.

ஒரு நாள் சந்திலிருந்து வந்த காரைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். அதன் பிறகுதான் சிரம்பானில் கண் மருத்துவரிடம் போனோம். கிளாக்கோமா என்றார். கண் நீர் அழுத்த நோய்.

பால்மரம் சீவியவர்களுக்கு அழுத்தம் என்பது புதிதல்ல. விடியற்காலையில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏறுமுன் சீவினால் பால் நன்றாக இறங்கும். கண்ணிலோ அழுத்தம் ஏறினால் ஆபத்து. உள்ளே ஊறும் நீர் சரியாக வடியாதபோது அது ஏறுகிறது. சாதாரண அளவு 10 முதல் 21 மி.மீ. பாதரசம்.

பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் நார்கள் உண்டு. அவற்றுக்கு மெல்லிய ரத்தக் குழாய்கள்தான் உணவூட்டுகின்றன. கண் அழுத்தம் ஏறினால் ரத்தம் உள்ளே போகச் சிரமப்படும். இரவில் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கினாலும் அதே கதைதான். கண் அழுத்தம் சரியான அளவில் இருந்தும் சிலருக்கு நரம்பு பட்டுப்போக இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

நார்கள் சாகும்போது பெரும்பாலும் வலி இல்லை. முதலில் ஓரப் பார்வை போகும். நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அப்பா பேப்பர் வாசித்த ரகசியம் அதுதான்.

கண்புரையை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். செத்த நரம்பைத் திருப்ப முடியாது. சொட்டு மருந்து மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கத்தான். அது புரியாமல், "போட்டும் ஒண்ணும் தெளியலையே" என்று அப்பா பாதியில் நிறுத்தினார். அடுத்த பரிசோதனையில் பார்வை இன்னும் சுருங்கியிருந்தது. இப்போது இரவில் அம்மாதான் மருந்து போட்டுவிடுகிறார்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டியவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் பயன்படுத்துபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துக் காட்டினால் போதாது. கண் அழுத்தம், நரம்பு, ஓரப் பார்வை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அரசாங்க கிளினிக்கில் கேட்டால் மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள்.

நானும் தங்கையும் போய் வந்தோம். தம்பி மட்டும், "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்கிறான்.

அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.