ஊர்ப்பெயர் கேட்டு ஓடும் சம்பந்திகள்

காஞ்சியில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் அன்பர், தம் மகளுக்கு வந்த வரனைப் பற்றி விசாரித்துச் சொல்லும்படி சென்ற ஆண்டு என்னை வேண்டினார். விசாரித்தேன். மாப்பிள்ளை தொழுகையாளி, தோல்பைப் பட்டறை வைத்திருப்பவர், கைக்கூலி வேண்டாம் என்றவர். அன்பருக்குப் பரம திருப்தி. வீடு மும்பைத் தாராவியில் என்றதும் முகம் மாறிற்று. “ரவுடிகள் இருக்கும் இடமாயிற்றே, ஹஜ்ரத்!” என்றார். பேச்சு அத்துடன் முறிந்தது.

அவர் தாராவியைக் கண்டவரல்லர். 1987இல் வந்த ‘நாயகன்’ படத்தைக் கண்டவர்!

‘ளன்’ என்னும் அரபுச் சொல்லுக்கு ஊகம் என்று மதரஸாவில் பொருள் சொல்லித் தருகிறோம். பிற கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் தீய ஊகத்தையும் ஹுஜுராத் அத்தியாயம் அடுத்தடுத்த வசனங்களில் விலக்குவதை நம் பிள்ளைகள் ஓதுகிறார்கள். சம்பந்தம் பேசும்போது மட்டும் பெற்றோருக்கு அது மறந்துபோவதேன்?

தாராவி நமக்கு அந்நியமன்று. அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. சாராயமும் அடிதடியும் அங்கு இருந்தன. வரதராஜ முதலியாரின் பெயரை நான் மறைக்கவில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்து ஏறத்தாழ 900 உயிர்கள் போயின. தாராவியிலும் இரத்தம் சிந்திற்று. ஆனால் அதன்பின் நடந்ததை யார் படமெடுத்து நம் தெருவில் காட்டினார்கள்? ஆயத்த ஆடைத் தொழில் செய்த வக்கார் கானும், அவர் தோழர் பாவு கோர்டேயும் மஹல்லா கமிட்டிகள் வழியே இரு தரப்பாரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். நான்கு சமயத்தாரின் உடையில் சிறுவர்கள் சேர்ந்து நிற்கும் படத்தை, நாம் அனைவரும் ஒன்று என்னும் இந்தி வாசகத்துடன் வக்கார் கான் சுவரொட்டியாக்கினார். காவல்துறையின் துணையும் இருந்தது, உண்மை. எனினும் சந்துக்குள் சென்று கதவைத் தட்ட அண்டைவீட்டான் அல்லவா வேண்டும்?

2020 ஏப்ரல் 1இல் கொரோனா அங்கு நுழைந்தது. இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த இடத்தில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். பெரும்பாலோர்க்குப் பொதுக் கழிப்பிடம். மாநகராட்சியுடன் அப்பகுதித் தனியார் மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தார்கள். ஜூலை 10இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

நம் காஞ்சிக்கு மட்டும் என்ன பெயர் இருந்தது? பட்டுத்தறிகளில் சிறுவர்கள் கொத்தடிமைகளாக உழல்வதை 2003இல் ஒரு பன்னாட்டு மனித உரிமை அமைப்பு அறிக்கையிட்டு உலகுக்குச் சொல்லிற்று. அதைக் காட்டி எவரும் நம்மிடம் சம்பந்தம் வேண்டாமென்று எழுந்து போகவில்லை. நிகாஹ் பட்டு எடுக்கவும் இங்கேதான் வந்தார்கள்.

பெண்ணைப் பெற்றவரின் அச்சம் எனக்கும் தெரியும். எனக்கும் பெண்மக்கள் உண்டு. வீடு குறுகல், தண்ணீர்க் கஷ்டம் என்று அவர் சொல்லியிருந்தால் வாய்மூடியிருப்பேன். அரக்கோணத்தில் ரயிலேறினால் மறுநாள் மும்பை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுத்திருந்தாரானால் இக்கட்டுரையை எழுதியே இருக்கமாட்டேன்.