உங்க தலைவலி உங்க பிரச்சினை மட்டும் இல்லை



நம்ம கூட்டங்களில் எத்தனை பேர் ஒரு கையால் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டே பேசுகிறோம், கவனிச்சிருக்கீங்களா? எனக்கும் முதுகலை ஆரம்பித்ததிலிருந்து வாரத்தில் மூன்று நாள் தலைவலி. வீட்டில் கேட்டால் "தைலம் தேய், போனைக் கீழே வை" என்பார்கள். ஆபீஸில் கேட்டால் "நிமிர்ந்து உட்காருங்க" என்று ஒரு வீடியோ அனுப்புவார்கள். இரண்டு பதிலிலும் தப்பு நம்ம மேலதான்.

முதலில் உடம்பைப் புரிஞ்சுக்குவோம். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பும் தண்டுவடத்தின் மேல்பகுதியில் ஒன்றுசேர்கின்றன. அதனால் கழுத்து மூட்டில் கிளம்பும் வலியை மூளை நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் உணர்கிறது. பெரும்பாலும் ஒரே பக்கம்தான் வலிக்கும், கழுத்தைத் திருப்பினால் கூடும். இதற்கு வழி உண்டு. 2002-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 200 பேர் கலந்துகொண்டார்கள். கழுத்துக்கும் தோளுக்குமான பயிற்சி, கையால் செய்யும் இயன்முறை சிகிச்சை இரண்டுமே வலியைக் குறைத்தன. ஓராண்டு கழித்தும் பலன் இருந்தது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். திடீரென்று இடி மாதிரி வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம் என்றால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.

ஆனால் பயிற்சிக்கு நேரம் வேண்டும், இடைவேளை வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். நியூஜெர்சி வேர்ஹவுஸில் ஸ்கேனர் நம்மை நொடிக்கணக்கில் எண்ணும்போது எந்தக் கழுத்தை எப்போது நீட்டுவது? இலங்கை மலையகத்தில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமக்கும் பெண்களிடம் "நிமிர்ந்து நில்லுங்க" என்று சொன்னால் தீருமா? வலியின் காரணம் வேலையின் அமைப்பில் இருக்கு.

இதை அமெரிக்க அரசே ஒருமுறை ஒத்துக்கொண்டது. 2000 நவம்பரில் தொழிலாளர் துறை நாடு முழுவதற்கும் எர்கனாமிக்ஸ் விதி கொண்டுவந்தது. 2001 ஜனவரியில் அது அமலானது. முதலாளிகளின் அமைப்புகள் கொதித்தெழ, இரண்டே மாதத்தில் காங்கிரஸ் அதை ரத்து செய்தது. மார்ச் 20-ம் தேதி புஷ் கையெழுத்திட்டார். புதுச் சட்டம் வராமல் அதே மாதிரி விதியைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. டெக்சாஸில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தனியார் முதலாளி தொழிலாளர் காப்பீடு வைத்திருக்கணும் என்ற கட்டாயமே இல்லை.

கலிஃபோர்னியாவில் ஒரு வாசல் திறந்திருக்கு. 1997 முதல் அங்கே 5110 என்ற விதி உண்டு. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் காயம் வந்தால், முதலாளி வேலையிடத்தை ஆராய்ந்து சரிசெய்து பயிற்சியும் தரணும். ஒரே மாதிரி வேலை செய்யும் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் 12 மாதத்துக்குள் முறையிட்டிருக்கணும், மருத்துவர் அதை உறுதி செய்திருக்கணும் என்பது நிபந்தனை. அதாவது ஒருத்தர் வலித்தால் விதிக்குக் காது கேட்காது. இரண்டு பேர் சொன்னால் கேட்டாகணும்.

முதலாளிகளுக்குச் சாதகமாக வைத்த நிபந்தனைதான். ஆனால் அதை நாம் திருப்பிப் போடலாம். பக்கத்து நாற்காலிக்காரரிடம் "உனக்கும் வலிக்குதா?" என்று கேளுங்க. வலிக்கும் தேதியையும் அன்று செய்த வேலையையும் குறிச்சு வைங்க. தலைவலிக்குக் காரணம் கழுத்து என்றால் அதை மருத்துவர் சீட்டில் எழுதச் சொல்லுங்க. முறையீட்டை எழுத்தில் கொடுங்க.

எச்1பி விசாவில் இருப்பவர்கள் வாய் திறக்க ஏன் பயப்படுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதனால் பச்சை அட்டையோ குடியுரிமையோ உள்ள நாம்தான் முதல் பெயரை எழுதணும்.

2023 ஏப்ரலில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக வேலைநிறுத்தத்தில் பேராசிரியர்களும் மாணவத் தொழிலாளர்களும் சேர்ந்தே நின்றார்கள், சம்பள உயர்வும் வாங்கினார்கள். அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு நாற்காலி, திரை, இடைவேளை எல்லாம் கோரிக்கைப் பட்டியலில் ஏறட்டும்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக