நேரே போக மறுக்கும் படகு

ஏரி காத்த ராமர் குடிகொண்ட மதுராந்தகத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரைப் பக்கம் போயிருந்தாராம். உப்பங்கழியில் மோட்டார் படகு சவாரி.

"படகு என்னவோ நேராகத்தான் போயிற்று. ஆனால் படகோட்டி சக்கரத்தை நேராகப் பிடிக்கவே இல்லை. ஒரு பக்கமாகத் திருப்பி, அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். ஏன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் என் நாத்தனார் வீட்டுக்காரர், 'உங்களுக்கு எதற்கம்மா இந்த ஆராய்ச்சி? அவர் பாட்டுக்கு ஓட்டட்டும்' என்று சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் கேட்டது தப்பா?"

தப்பே இல்லை, அம்மா! படகில் ஏறுகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. படகு ஒரு பக்கமாக இழுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பிறவிக் குணம். மற்றொன்று நடுவில் வந்த நோய். குணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நோயைக் கவனியாமல் விட்டால் ஆபத்து. எது குணம், எது நோய் என்று பிரித்தறிவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

முதலில் குணத்தைப் பார்ப்போம்.

மத்தினால் மோர் கடைவதைப் பார்த்திருக்கிறீர்கள். கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பதால் மத்து ஒரு முறை வலமாகச் சுழலும். மறு முறை இடமாகச் சுழலும். மோரும் அப்படியே. படகின் அடியில் இருக்கும் விசிறிக்கு இந்த நியாயம் கிடையாது. முன்னால் போகிற வரைக்கும் அது ஒரே திசையில்தான் சுற்றும். ஆகவே தண்ணீரை நேராகப் பின்னால் தள்ளாமல், ஈரப் புடவையைப் பிழிவது போல முறுக்கித் தள்ளுகிறது. அந்த முறுக்கிய நீரின் நடுவே நிற்கிறது சுக்கான். நீர் ஒரு பக்கமாக மோதினால் சுக்கான் என்ன செய்யும், பாவம்! ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது. சக்கரம் படகோட்டியின் கையை இழுக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சினை நடுவிலே வைத்துக் கட்டிய படகுகளில், விசிறியைச் சுழற்றும் தண்டு சற்றுச் சரிந்து கீழ்நோக்கிப் போகும். அந்தச் சரிவினால், கீழே இறங்குகிற இலை நீரை அதிகமாகக் கடிக்கும். மேலே ஏறுகிற இலை குறைவாகக் கடிக்கும். ஒரு பக்கத்துக் காளை பலமாகவும் மறு பக்கத்துக் காளை இளைத்தும் இருந்தால் வண்டி எப்படிப் போகும்? அதே கதைதான்.

இரண்டு எஞ்சின் உள்ள படகுகளில் ஒரு விசிறியை வலமாகவும் மற்றதை இடமாகவும் சுற்ற விட்டு இழுப்பைச் சரிக்கட்டுவது உண்டு. ஒற்றை விசிறிப் படகு என்றால் கொஞ்சம் இழுப்பு கூடவே பிறந்தது. பின்னோக்கி வரும்போது அது இன்னும் அதிகம்; விசிறி தள்ளும் நீர் அப்போது சுக்கானை நோக்கி வருவதில்லை. பழகிய படகோட்டி இந்தக் கோணல் குணத்தையே உதவிக்கு வைத்துக்கொண்டு, துறையில் படகை அழகாக ஒதுக்கிவிடுவார்.

இந்த விஷயத்தில் மிகவும் கவலைப்பட்டவர்கள், நீர்ச்சறுக்குப் படகு செய்கிறவர்கள். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, படகு இழுக்கிற கயிற்றைப் பிடித்து நீர்மேல் வழுக்கிப் போகும் விளையாட்டு அது. 1922-ல் அமெரிக்காவில் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் முதன்முதலாகச் செய்து காட்டினார். இன்றைக்குப் பந்தயம் என்றால், 259 மீட்டர் நீளமுள்ள பாதையில் ஆறு மிதவைகளைச் சுற்றிச் சறுக்க வேண்டும். சறுக்குகிறவர் வலமும் இடமுமாகப் பாய்ந்து பாய்ந்து இழுக்கிறார். படகோ கோடு போட்டாற்போல் நடுவே போயாக வேண்டும். அதனால் கயிற்றைப் படகின் வாலில் கட்டாமல், நடுவே ஒரு கம்பம் நட்டு அதில் கட்டுகிறார்கள். அடிப்புறத்தில் மீன் செதில் போலச் சிறு தகடுகளும் வைக்கிறார்கள்.

'அமெரிக்கக்காரன் மூளை!' என்று வியக்க வேண்டாம். நம் செங்கற்பட்டுக் கடற்கரையை ஒட்டிப் போகிற பக்கிங்ஹாம் கால்வாயில் இந்தக் கஷ்டத்தை நம்மவர்கள் என்றோ சமாளித்தாயிற்று. அந்தக் காலத்தில் அங்கே சரக்குப் படகுகளை மனிதர்கள் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தார்கள். பாரதிதாசன் மாமல்லபுரத்துக்குப் போன கால்வாய்ப் பிரயாணத்தைப் பாட்டாகவே பாடியிருக்கிறார். கயிறு கரையிலிருந்து இழுத்தால் படகின் மூக்கு எங்கே போகும்? கரைக்குத்தான். சுக்கானைப் பிடித்தவர் வழி நெடுக மூக்கைக் கரையிலிருந்து விலக்கி விலக்கியே நேராக ஓட்டிவர வேண்டும். மதுராந்தகத்துச் சகோதரி கண்ட படகோட்டி செய்ததும் ஏறக்குறைய அதேதான். சுக்கான் கோணலாக இருந்ததால்தான் படகு நேராகப் போயிற்று!

இனி, நோய்க்கு வருவோம்.

தையல் மிஷினில் துணி ஒரு பக்கமாக ஓடினால் உடனே மிஷினைப் பிரித்துப் போட்டுவிடுகிறோமா? துணியை நாம் இழுக்கிறோமா என்று பார்ப்போம், ஊசியைப் பார்ப்போம், நூலைப் பார்ப்போம், அழுத்துகிற பாதத்தைப் பார்ப்போம். சுலபமானது முதலில், சிரமமானது கடைசியில். படகுக்கும் இதே முறைதான். நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் சுக்கானில் கை வைக்க மாட்டார்.

அவர் முதலில் கேட்கிற கேள்வி, "எப்போதிலிருந்து?" என்பது. படகு வாங்கிய நாளிலிருந்தே இதே அளவு இழுத்தால் அது குணம். நேற்று வரை ஒழுங்காக ஓடி இன்றைக்கு இழுத்தால் நோய். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே எதிலாவது மோதியதா, தரை தட்டியதா, விசிறியை மாற்றினார்களா என்று விசாரிப்பார். பாதி நோய் இந்த விசாரணையிலேயே அகப்பட்டுவிடும்.

அடுத்தது பாரம். கனமானவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கிறார்களா? பெட்ரோல் டாங்க், பாட்டரி, நங்கூரம் எல்லாம் எங்கே இருக்கின்றன? அடித்தட்டில் தண்ணீர் புகுந்து ஒரு பக்கமாகத் தேங்கியிருக்கிறதா? ஒரு பக்கம் தாழ்ந்த படகு நேரே போக மறுக்கும். காற்றும் நீரோட்டமும் பக்கவாட்டில் தள்ளும். ஆகையால் பாரத்தைச் சமமாக வைத்து, அமைதியான நீரில், போன வழியே திரும்பியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். போகும்போது கடல் பக்கம் இழுத்தது, திரும்பும்போதும் கடல் பக்கமே இழுத்தால், குற்றம் காற்றினுடையது, படகினுடையது அல்ல.

மூன்றாவது, வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது. பக்கத்தில் வேறு படகோ, நீந்துகிறவர்களோ இல்லாத இடமாகப் பார்த்து, மெதுவாக எஞ்சின் வேகத்தைத் தணிக்க வேண்டும். வேகம் தணிந்ததும் இழுப்பும் தணிந்தால் விசிறியிலோ சுக்கானிலோதான் விஷயம் இருக்கிறது. எஞ்சின் தள்ளாமல் மிதந்து போகும்போதும் படகு ஒரு பக்கமே திரும்பினால், அடிப்புறத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது, எஞ்சினை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கடினமாக இருந்தால், அது இழுப்பே அல்ல. சக்கரத்திலிருந்து சுக்கானுக்குப் போகிற கேபிள் துருப்பிடித்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஓடும் படகுக்கு இது சகஜம். சக்கரத்தைத் திருப்பியும் சுக்கான் சற்றுத் தாமதித்துத் திரும்பினால், எங்கோ ஆணி தளர்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக் கூடாது.

ஐந்தாவதாகத்தான் படகைக் கரையேற்றுவது. விசிறியில் வலைக் கயிறோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருக்கிறதா? இலை எங்காவது மடங்கியோ விண்டோ இருக்கிறதா? தண்டு வளைந்திருந்தால் படகு அதிரவும் செய்யும். சக்கரத்தை நடுவில் வைத்தால் சுக்கானும் நடுவில் நிற்கிறதா? அடித் தகடுகளில் ஏதாவது கோணியிருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் சிப்பியும் பாசியும் அப்பியிருக்கிறதா?

இவ்வளவும் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால்தான் கடைசி வைத்தியம். நீர்ச்சறுக்குப் படகில் சுக்கானின் பின் விளிம்பை ஒரு பக்கமாக மயிரிழை அளவு அரத்தால் ராவுவார்கள். ராவுவது, ஓட்டிப் பார்ப்பது, மறுபடியும் சிறிது ராவுவது. பக்கம் மாற்றி ராவிவிட்டால் இழுப்பு அதிகமாகிவிடும். ராவிய உலோகம் திரும்பி ஒட்டாது. உப்புக்கும் இதற்கும் ஒரே சட்டம்: போட்டுக்கொள்ளலாம், எடுக்க முடியாது! வெளியே மாட்டுகிற எஞ்சினில் இந்தச் சங்கடம் இல்லை. அதன் விசிறிக்கு மேலே ஒரு சிறு வால் தகடு பல எஞ்சின்களில் உண்டு. படகு வலப்புறம் இழுத்தால் தகட்டின் பின்முனையையும் வலப்புறமே சிறிது நகர்த்த வேண்டும். இடப்புறம் இழுத்தால் இடப்புறம்.

இழுப்பு முழுவதும் போய்விட வேண்டும் என்பதும் இல்லை. மிகச் சிறிய இழுப்பு இருக்கட்டும் என்று விட்டுவைப்பதும் உண்டு. அதனால் சக்கரம் லொடலொடவென்று ஆடாமல் கையில் நிற்கும்.

"சரி, கொஞ்சம் இழுத்தால்தான் என்ன? கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போகிறது" என்று சிலர் சொல்லலாம். அதில்தான் அபாயமே இருக்கிறது. பிடித்த கை வழுக்கினால், பலமாக இழுக்கிற படகு சட்டென்று திரும்பிவிடும். அந்த வேகத்தில் ஓட்டுகிறவரையே வெளியே வீசி எறிந்துவிடலாம். ஆளில்லாத படகு வட்டமிட்டுக்கொண்டே திரும்பி வரும். விசிறியும் சுழன்றுகொண்டே வரும். தண்ணீரில் விழுந்தவர் கதி என்ன? இதற்காகவே ஓட்டுகிறவர் உடம்போடு ஒரு சுருள் கயிற்றை மாட்டிக்கொள்கிற ஏற்பாடு இருக்கிறது. அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அந்த நிமிஷமே நின்றுவிடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகள் பலவற்றுக்கு 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

பிரயாணிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். காட்டு விலங்கைப் பார்க்கிற ஆவலில் பலரும் ஒரே பக்கம் திரண்டது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. "அதோ பார், கொக்கு!" என்று யாராவது கூவினால் எல்லாரும் எழுந்து ஓடுவது நம் வழக்கம் அல்லவா? படகில் கொக்கை உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள்.

முட்டுக்காட்டிலும் சரி, முதலியார்குப்பத்திலும் சரி, அல்லது வேறெந்தத் துறையிலும் சரி, குழந்தைகளோடு படகேறுமுன் இவற்றைக் கவனியுங்கள். எல்லாருக்கும் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? குழந்தைக்குக் குழந்தை அளவிலேயே இருக்கிறதா? ஓட்டுகிறவர் சுருள் கயிற்றை மாட்டியிருக்கிறாரா? படகு ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறதா? இழுக்கிறது என்று தோன்றினால், "இது எப்போதும் இப்படித்தானா, இன்றைக்குத்தானா?" என்று கேளுங்கள். "எப்போதும் இப்படித்தான் அம்மா" என்று சொன்னால் நிம்மதியாக உட்காரலாம். "இன்றைக்குத்தான் என்னவோ இப்படி" என்றால், வேகத்தைக் குறைத்துக் கரைக்கே திருப்பச் சொல்லுங்கள். கொடுத்த காசு போனாலும் போகட்டும்.

மதுராந்தகத்துச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. படகிலே இத்தனை பேர் இருந்தும் சக்கரத்தைக் கவனித்தவர் நீங்கள் ஒருவர்தான். அடுத்த தடவை உங்கள் நாத்தனார் வீட்டுக்காரரையும் அவசியம் அழைத்துப் போங்கள். அவர் கொஞ்சம் கனமான ஆசாமி என்றால், எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று நீங்களே அவருக்குச் சொல்லலாம்!