முரசறைவோன் அணிந்த அங்கி

பழம்பொருள் சேகரிப்போர் பல திறத்தினர். தபால்தலை சேர்ப்போரும் நாணயம் சேர்ப்போரும் நம் மாணவரிடையேயும் உளர். மேனாடுகளிலோ, பழைய பட்டாளங்களில் முரசும் குழலும் எக்காளமும் முழக்கியோர் அணிந்த உடுப்புகளைத் தேடித் திரட்டுவோரும் இருக்கின்றனர். 'கிழிந்த சட்டைக்கும் ஒரு சேகரமா?' என வாசகர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், அச்சட்டை கூறும் செய்தியைச் சற்றுப் பொறுமையுடன் கேட்போமாயின் நகைப்பு அடங்கிவிடும்.

வானொலியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், போர்க்களத்திலே தளபதியின் கட்டளையை வீரர் செவிக்கு எட்டச் செய்தது முரசொலியே. முன்னேறுவதற்கு ஓர் அடி, பின்வாங்குவதற்கு வேறோர் அடி என முறை வகுத்திருந்தனர். வெடிமருந்துப் புகை மூடிய களத்தில், கட்டளை பிறப்பிப்போன் முரசறைவோனை உடனே கண்டுகொள்ளல் வேண்டுமன்றோ? ஆகவே, அவனுக்கு வேறு நிறத்தில் உடை அளித்தனர். பிரித்தானியக் காலாட்படையினரின் அங்கி சிவப்பு. கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் உரிய தனி நிறம். 1751ஆம் ஆண்டின் அரச ஆணைப்படி, பெரும்பாலான படைப்பிரிவுகளில் முரசறைவோனின் அங்கி அத்தனி நிறத்திலேயே தைக்கப்பட்டது. மஞ்சட் கைமடிப்புடைய படையில் அவன் மஞ்சள் அங்கி அணிந்தான்.

இவ்வளவு பகட்டாக உடுத்தியவன் படையில் உயர்ந்த நிலையில் இருந்தானா என்றால், இல்லை. குற்றம் புரிந்த சிப்பாய்க்குக் கசையடி கொடுக்கும் வேலையும் அவன் தலையிலேயே விழுந்தது. பிரித்தானியாவின் 29ஆம் படைப்பிரிவின் வரலாறு இன்னும் துயரமானது. 1759இல் குவாடலூப் தீவு பிடிபட்டபோது, கடற்படைத் தளபதி பொஸ்காவன் கறுப்பினச் சிறுவர் பதின்மரைக் கொணர்ந்து, அப்படைப்பிரிவுக்குத் தலைவராயிருந்த தம் சகோதரருக்குப் பரிசாக அளித்தார். அவர்கள் முரசறைவோராக்கப்பட்டனர். கறுப்பினத்தோரை அப்பணியில் அமர்த்தும் வழக்கம் 1843 வரை அங்கு நீடித்தது. சரிகை தைத்த மஞ்சள் அங்கியைக் கண்டு வியந்தவர்களுள், அதனுள் இருந்த சிறுவனின் தாய்நாடு யாதெனக் கேட்டவர் எத்தனை பேர்?

இனி நம் கண்டிக்கு வருவோம். 1815 மார்ச் 2ஆம் நாள் மகுல் மடுவையில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு, இம்மலைநாட்டு அரசு முடிவெய்தியது. அவ்வரசின் சேவைப் பிரிவுகளுள் 'தம்போரு' எனப்பட்ட முரசறைவோர் பிரிவும் இருந்தது. தம்போர் என்பது முரசைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். பகைவரின் சொல்லையும் இசைக்கருவியையும் அரண்மனை ஏற்றுக்கொண்டது போலும்! மேளம் முழக்குவோர் நிலமானியம் பெற்று, பரம்பரையாக ஊழியம் புரிந்தனர். 1660 முதல் 1679 வரை இந்நாட்டில் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், சாதிக்கேற்ப உடையின் நீளமும் விதமும் வரையறுக்கப்பட்டிருந்ததை எடுத்துரைக்கின்றார். ஆங்கிலப் படையில் அங்கியின் நிறம் முரசறைவோனைப் பிரித்துக் காட்டியது போல, இங்கு அரைத்துணியே மனிதனின் நிலையைக் காட்டிற்று.

எசல பெரஹராவில் டவுலவும் தம்மட்டமவும் முழக்கி வருவோரின் தலைப்பாகையையும் செந்நிற இடைக்கச்சையையும் நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஆனால் அவர்தம் பாட்டனார் அணிந்தவை எங்கே? 1815இல் கவர்ந்து செல்லப்பட்ட அரசனின் சிங்காதனம் 1934இல் மீண்டும் வந்து, கொழும்பு நூதனசாலையில் வீற்றிருக்கின்றது. முரசறைந்தவனின் கச்சையைத் தேடிக் கப்பல் அனுப்பியவர் எவருமிலர்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அதிகாரிகள் தம் பணத்தில் உடுப்புத் தைப்பித்தனர். அவர்தம் குடும்பத்தார் அவற்றைப் பெட்டியிலிட்டுப் போற்றினர். வாத்தியகாரனின் உடுப்போ படை வழங்கியது. நைந்தபின் வேறு துணியாக வெட்டப்பட்டது. எஞ்சியவை சிலவே என்பதால் அவற்றிற்கு இன்று பெருவிலை. பெருவிலை உள்ள இடத்தில் போலியும் உண்டு. 1850ஆம் ஆண்டுக்கு முந்தியது எனக் கூறப்படும் அங்கியில் இயந்திரத் தையல் ஓடுமாயின் ஐயுறுதல் தகும். நிறமும் சான்று பகரும். சாதாரணச் சிப்பாயின் சிவப்பு, மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து பெற்ற மங்கிய சாயம். அதிகாரியின் சிவப்போ கொச்சினீல் என்னும் பூச்சி தந்த ஒளிமிக்க சாயம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒருகாலத்தில் தோண்டியெடுக்கப்பட்ட நம் சாயவேரும் மஞ்சிட்டியின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கண்டியின் ஈரக்காற்றில் துணிக்குப் பூஞ்சணமும் அந்துப்பூச்சியும் பெரும் பகை. பழைய உடுப்பை வெளுக்கப் போடலாகாது, வெயிலில் உலர்த்தலாகாது, பாரமான அங்கியை ஆணியில் தொங்கவிடலாகாது. மெல்லிய வெள்ளைத் துணியில் பொதிந்து, மடிப்பு விழாமல் கிடத்தி, இடையிடையே நிழலிற் காற்றாட விடுதலே நன்று. அறுந்த பொத்தானுக்குப் பதில் புதியது தைத்தால் அதன் வரலாறும் உடன் கெடும். தொல்பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது என்பதையும் நினைவிற் கொள்க.

மாணவர்களே, இச்சேகரத்துக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. உங்கள் கல்லூரி வாத்தியக் குழுவின் பழைய சீருடை மூலையில் கிடக்கின்றதா? அதனை அணிந்தவர் பெயர், வாசித்த கருவி, ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். உங்கள் ஊரில் முதிய மேளகாரர் ஒருவர் இருப்பாராயின், அவருடைய கச்சையை விலை பேச முற்படாதீர்கள். அதனை யார் நெய்தார், யார் கட்டக் கற்பித்தார், எந்நாளில் அணிவது என்று அருகிருந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அணிந்தவனின் பெயர் அறியாத அங்கி வெறுந்துணி. அப்பெயரைச் சொல்லக்கூடியவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றார்கள்.